மாமி எனக்குச் சொல்லி அனுப்பியவை

போன் அடித்தது. கனடாவிலிருந்து மனைவி.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போச்சாம்."

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு. இப்பத்தான் எடுத்துச் சொன்னவ."

நான் திரும்பிப் பார்த்தேன். மாமி எனக்கு நாலு எட்டு அங்கால், விறாந்தைக் கதிரையில் இருக்கிறார். பக்கத்தில் கோப்பை. மடியில் போன். பார்வை மட்டும் வேலியோரத்து முருங்கையில். நான் ஆற்றிக் கொடுத்த தேத்தண்ணியில் சீனி கூடியதை என்னிடம் சொல்வதற்காக அந்த மனிசி கடல் கடந்து கிடக்கிற மகளை நித்திரையால் எழுப்பியிருக்கிறார். அங்கே அப்போது சாமம்.

"குறைச்சுப் போடட்டாம்," என்றாள் மனைவி. "இஞ்சை பேரப்பிள்ளையையும் பார்த்து, உங்கை உங்கடை தேத்தண்ணியையும் பார்க்க எனக்கு ஏலாதப்பா." வைத்துவிட்டாள்.

மாமிக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. நாற்பத்தெட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவ்வளவு காலத்தில் என் முகத்தைப் பார்த்து எனக்கென்று அவர் ஒரு வசனம் சொன்னதில்லை. நான் மிகைப்படுத்தவில்லை. சொன்னதெல்லாம் யாரிடமோ, எதனிடமோ. அது சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் சேரும்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல மருமகனுக்குச் சொல்வார்கள். மரியாதை என்று பெயர். நான் அதைப் பிழை சொல்லவில்லை. ஆனால் மற்ற வீடுகளில் அது ஒரு வருடமோ இரண்டு வருடமோதான். முதல் பிள்ளை பிறந்ததும் மாமி வெளியே வந்து, "தம்பி, உவனை ஒருக்காப் பிடியும்" என்பார். அதோடு சரி. என் மாமியும் மூத்த மருமகன்மார் இரண்டு பேரோடும் அப்படித்தான். ஒருவர் வாத்தியார், மற்றவர் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். இரண்டு பேரும் "தம்பி"தான். "தம்பி வாரும், தம்பி இரும், தம்பி இன்னும் ரெண்டு தோசை போடட்டே?" எனக்குக் குழந்தை மூன்று பிறந்தும் அந்தச் சொல் வரவில்லை. எனக்கு அந்த வீட்டில் பெயர் "உவர்", உதிலை நிற்கிற ஆள் என்கிற மாதிரி.

ஏனென்று எனக்குத் தெரியும். கலியாணம் பேசின தரகர் வாய் காக்கத் தெரியாத மனிதர். "எட்டாம் வகுப்பு. கை முழுக்க எண்ணெய். என்ரை கடைசிப் பெட்டையை மெசினுக்கோ கட்டிக் குடுக்கிறது?" என்று மாமி கேட்டதை அப்படியே என்னிடம் வந்து சொன்னார். ஆனால் சாதகம் பொருந்திவிட்டது. மாமி நம்பாமல் மூன்று சாத்திரிமாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று பேரும் இதைவிடப் பொருத்தம் கிடைக்காது என்றார்கள். கிரகங்களோடு சண்டை பிடிக்க முடியாமல் பெண்ணைத் தந்தார்.

நான் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வலிகாமத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் வைத்திருக்கிற எந்தத் தோட்டக்காரனையும் கேட்டுப் பாருங்கள். பதினாலு வயதில் சுன்னாகத்தில் ஒரு கடையில் மெசின் கழுவப் போனேன். இருபத்திமூன்றில் சொந்தக் கடை. வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, உள்ளே ஓடுகிற மெசினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று சொல்லுவேன்: இதுக்கு வால்வு, இதுக்கு ரிங். ஒருமுறை பட்டம் படித்த இஞ்சினியர் ஒருவர் புத்தகத்தை விரித்து வைத்து இரண்டு நாள் பார்த்தும் எழும்பாத மெசினை, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் எழுப்பினேன். அவர் என்னை "மாஸ்டர்" என்றார். ஊரே இன்றைக்கும் "மாஸ்டர்" என்கிறது. என்னிடம் வேலை பழகினவர்கள் கிளிநொச்சி வரைக்கும் முதலாளிமாராக இருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. மாமி என்னைப் பார்த்து "தம்பி" என்று சொல்ல வேண்டும். ஒருக்காச் சொன்னால் போதும். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

அவர் சாதாரண ஆளாக இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இருபத்தாறு வயதில் புருஷன் போய்விட்டார். ஐந்து பிள்ளைகள், கடைசியான என் மனைவி அப்போது பால்குடி. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இரு என்றார்கள் தமையன்மார். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துலாவில் ஏறினார். இப்போதைய பிள்ளைகளுக்குத் துலா தெரியாது. கிணற்றுக்கு மேலே கிடக்கிற நீட்டு மரம். அதில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தால்தான் தண்ணீர் மேலே வரும். தவறினால் கிணற்றுக்குள்தான். ஆண்கள் செய்கிற வேலை. ஊர் வேலியால் எட்டிப் பார்த்தது.

"ஆம்பிளை ஏறுற துலாவிலை பொம்பிளை ஏறுறதோ?" என்று யாரோ பெரியவர் கேட்டாராம்.

"ஆர் ஏறினதெண்டு கிணத்துக்குத் தெரியுமே? தண்ணி வருகுதெல்லே, போம்," என்றாராம் மாமி மேலே நின்றபடி.

அந்தத் தண்ணீரில் வெங்காயம் விளைந்தது, புகையிலை விளைந்தது, ஐந்து பிள்ளைகளும் படித்தார்கள். மகன்மார் இரண்டு பேர் லண்டனில். ஊரில் எல்லைச் சண்டை என்றால் விதானையாருக்கு முன்னம் மாமியைத்தான் கூப்பிடுவார்கள். யாரையும் நேரே பார்த்துப் பேசுவார். காவலரணில் நின்ற ஆமிக்காரப் பொடியன் எங்கள் கோழியைப் பிடித்தபோது, நேரே போய் நின்று, "தம்பி, உது முட்டைக் கோழி, விடும்" என்றார். அவனுக்குத் தமிழ் தெரியாது. விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து நான் யோசித்தேன்: ஆமிக்காரனும் தம்பியாகிவிட்டான். இனி மிச்சம் நான் ஒருவன்தான்.

என்னோடு கதைப்பதற்கு மாமி வைத்திருந்தது பசுவை. காலமையில் நான் கிணற்றடியில் முகம் கழுவுகிற நேரம் பார்த்துத்தான் அதற்குப் புல்லுப் போடுவார்.

"கேட்டியே பிள்ளை, குசினிக்கு மேலை ஓடு விலகிக் கிடக்குது. ஏறிப் பார்க்க இஞ்சை ஆர் இருக்கினம்?"

பசு என்ன சொல்லும்? நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்னேரம் பார்க்கலாம் எண்டு சொல்லு மாடே" என்பேன். வேறு வழி?

இதனால் வந்த சேதங்களைக் கேளுங்கள். ஒரு முறை வெங்காயம் கிண்டித் தோட்டத்தில் காயவிட்டிருந்தோம். காலமை மாமி பசுவிடம், "மேற்கை கறுத்துக்கொண்டு வருகுது பிள்ளை. மத்தியானத்துக்கு முன்னம் எல்லாத்தையும் உள்ளுக்கை எடுக்கவேணும்" என்றார். வைக்கோலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் மழை கொட்டியது. அந்த முறை வெங்காயத்தில் பாதி அழுகல். பின்னேரம் நான் நனைந்துகொண்டு வந்து சேர, மாட்டுக் கொட்டிலுக்குள் மாமியின் குரல்: "எட்டாம் வகுப்பிலை மழையைப் பற்றிப் படிப்பிக்கிறேல்லைப் போலை, பிள்ளை."

அன்றிலிருந்து பசுவுக்குச் சொன்னதெல்லாம் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். பிறகொரு நாள், "வயித்தைப் பார், மத்தளம் மாதிரி. இண்டைக்கு ஒண்டும் தின்னக் குடுக்கப்படாது" என்று கேட்டது. எனக்கு அப்போதுதான் லேசாக வயிறு வைக்கத் தொடங்கியிருந்தது. உழைக்கிறவனுக்கு வயிறு வராதா? கோபத்தில் சாப்பிடாமல் இறங்கிப் போனேன். இரண்டு நாள் சுன்னாகத்தில் கடைச் சாப்பாடு. மூன்றாம் நாள் மனைவி கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏன் சாப்பிட வாறியள் இல்லை?"

"கொம்மாவைப் போய்க் கேள். என்ரை வயிறு மத்தளமாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அங்கே கிடந்த எண்ணெய்ப் பெட்டிமேல் இருந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது மாட்டுக்கப்பா! மாட்டுக்கெல்லே வயிறு ஊதினது! மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்டிட்டுப் போனவர்."

என் கடைப் பொடியள் முன்னால் எனக்கு வந்த வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

பிறகு சண்டை வந்து ஊரோடு எழும்பி ஓடின காலம். பசுவை அவிழ்த்துவிட்டு வந்தோம். தென்மராட்சியில் ஒரு வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. நடுவில் சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமி. இனியாவது நேரே கதைப்பார், மாடும் இல்லை, கதவும் இல்லை என்று நினைத்தேன். மாமி அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பெற்றோல் கிடையாது. நான் மண்ணெண்ணெயில் மெசின் ஓடவிட்டேன். சும்மா ஓடாது, கார்பரேட்டரில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதை நான் யாரிடமும் படிக்கவில்லை, நானே கண்டுபிடித்தேன். தோட்டக்காரர்கள் அரிசியும் காய்கறியுமாகக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு பின்னேரம் அரிசி மூட்டையை இறக்கி வைக்கிறேன், சேலைக்கு அந்தப் பக்கத்தில் மாமி லாம்புத் திரியைத் தூண்டிக்கொண்டு சொல்கிறார்: "மண்ணெண்ணெயிலை மெசினே ஓடுதாம். அதே மண்ணெண்ணெயைக் குடிச்சிட்டு நீ ஏன் இப்பிடி மங்குறாய்?"

இது புகழ்ச்சியா, லாம்புக்கு ஏச்சா? மனைவியைக் கேட்டேன். "உங்களுக்கு வேறை வேலை இல்லையே" என்றாள். புகழ்ச்சி என்றால் அதை எனக்குச் சொன்னால் என்ன? லாம்புக்கு எதற்கு?

திரும்பி ஊருக்கு வந்து, உடைந்த வீட்டை நான் நிமிர்த்திக் கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து அனுப்பி, எல்லாம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இருந்த மட்டும் அவர்களே தூதர்கள். "அப்பா, அம்மம்மா சொல்லுறா..." அவர்களும் போன பிறகு மனைவி ஒருத்திதான் தபால்காரி. மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று அவளும் ஆறு மாதத்துக்குக் கனடா போக வேண்டி வந்தது.

போகிற அன்று தாயிடம் கெஞ்சினாள். "அம்மா, நான் இல்லாத நேரம் உவரோடை நேரை கதையுங்கோ. ஆபத்து அந்தரத்துக்கு ஆர் இருக்கினம்?"

"அதுக்கென்ன, போன் இருக்குத்தானே," என்றார் மாமி.

அந்தப் போனை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். படத்தை அமத்தினால் மகள் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தவனும் நான். அதை வைத்துத்தான் சீனி கூடின கதை தொடங்கியது. பிறகு ஒவ்வொரு நாளும். புட்டு இறுகிப்போச்சாம். ரேடியோவைக் குறைக்கட்டாம். படலை சாத்தேல்லையாம். சேட்டைக் கழற்றித் தோய்க்கப் போடட்டாம், எண்ணெய் மணக்குதாம். கனடாவிலிருந்து எனக்கு என் சேட்டு மணக்கிற செய்தி வருகிறது!

"நான் சமைக்கிறன், கூட்டுறன், மருந்து எடுத்து வைக்கிறன்," என்று மனைவியிடம் கத்தினேன். "என்னைப் பார்த்து ஒரு சொல்லுச் சொன்னா கொம்மாவுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"நீங்களும் என்னட்டைத்தானே கத்துறியள்," என்றாள் அவள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுபது தாண்டின மனிதன் செய்கிற வேலையா? போன் சார்ஜரை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். போன் செத்தால் என்னிடம் கதைக்கத்தானே வேண்டும்.

அடுத்த நாள் காலமை போன் செத்துவிட்டது. மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்ப்போம், எவ்வளவு நேரத்துக்கு என்று நான் முற்றத்தில் ஒரு மெசினை எடுத்து ஓடவிட்டு வேலை பார்த்தேன். அரை மணித்தியாலம் ஓடியிருக்கும். அதற்குக் கார்பரேட்டர் ஊசியில் வருத்தம். கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. மெசினை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் கிணற்றடிப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"ப்பே, ப்பே... கோழி... உவரிட்டைச் சொல்லன்... நான் விழுந்து கிடக்கிறன் எண்டு..."

கிணற்றடிப் படியில் கிடந்தார். சேலை நனைந்து, ஒரு கால் ஒருமாதிரித் திரும்பி. எவ்வளவு நேரம் கூப்பிட்டாரோ தெரியாது. நாலு வளவுக்கு அங்கால் ஓடுகிற மெசினின் வருத்தம் சொல்கிறவன் நான். நாற்பது அடி தூரத்தில் மாமி கிடந்தது கேட்கவில்லை. அப்போதும் என்னைக் கூப்பிடவில்லையே, கோழியைத்தானே கூப்பிட்டார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொள்ளச் சொல்லு," என்றேன். கோழியிடம்தான் சொன்னேன்.

மாமி என் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். நாற்பத்தெட்டு வருடத்தில் அவரை அன்றைக்குத்தான் தொட்டேன். ஒரு சின்ன மெசின் பாரம்கூட இல்லை. இந்த உடம்பா துலா மிதித்தது?

ஆசுபத்திரியில் தொடை எலும்பு என்றார்கள். பின்னேரமாகிவிட்டது. கட்டில் பக்கத்தில் நான் நிற்கிறேன். மாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஓர் இளம் டொக்டர் வந்து காலைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் மாமி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டொக்டரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"என்னம்மா, நோகுதே?"

"அது கிடக்கட்டும். உதிலை நிக்கிறவர் காலமை தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை. பிரசர்க்காரன். போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லும்."

டொக்டர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "அவர் பக்கத்திலைதானே அம்மா நிக்கிறார்?"

"ஓம். சொல்லும்."

பாவம் அந்தப் பிள்ளை, படித்த படிப்பெல்லாம் விட்டுவிட்டு, "ஐயா, தேத்தண்ணி குடிக்கட்டாம்" என்று எனக்குச் சொன்னார். பிறகு மாமியிடம், "மகனோ?" என்று கேட்டார்.

நான் மாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மோன்மார் லண்டனிலை," என்றார். "உவர் வீட்டிலை."

இது என்ன மறுமொழி? மகன் என்றும் இல்லை, மருமகன் என்றும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் நின்று அதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. குடிக்காமலே திரும்பி வந்தேன்.

மனைவி ஒரு கிழமையில் வந்து சேர்ந்தாள். தாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்த அன்றே அறைக்குள்ளிருந்து எனக்குச் செய்தி வந்தது.

"சார்ஜர் அலுமாரிக்கு மேலை கிடக்குதாம். எடுத்துத் தரட்டாம்."

"கொம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் வைக்கேக்கை பார்த்தவவாம். எட்ட ஏலாதாம், அதுதான் பேசாமல் விட்டவவாம்."

எடுத்துக் கொடுத்தேன். மனைவி என்னை வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நான் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். எந்த நேரமும் அந்தச் சொல் வரலாம் என்று ஒரு நினைப்பு. வாய் திறந்தால் தண்ணீர் கேட்பார், அதுவும் மகளிடம். ஒரு காலமை, கஞ்சி ஆற்றிக்கொண்டு இருக்கையில், போய்விட்டார். சொல் வரவில்லை.

செத்த வீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. வாத்தியார்ச் சகலன் இரங்கல் உரை என்று அரை மணித்தியாலம் கதைத்தார். "தம்பி, தம்பி என்று வாய் நிறைய அழைப்பா" என்று இரண்டு தரம் சொல்லி அழுதார். வருடத்தில் ஒரு தரம் வந்து தோசை தின்றுவிட்டுப் போன மனிதர். நான் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்தல் நான் போட்டது. ஒரு தூண் அசையவில்லை.

"பெட்டி மூடப் போகினம், பூப் போடுறாக்கள் போடுங்கோ," என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். போனவர்கள் எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். என் முறை வந்தது.

இடையில் கதவில்லை, சேலையில்லை, மாடில்லை. மாமி எனக்கு நேரே கிடக்கிறார், எழும்பிப் போக ஏலாது. நாற்பத்தெட்டு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கதை எவ்வளவு! வாயைத் திறந்தேன். "மாமி" என்ற சொல்லே வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் அவருடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பின்னால் சனம் நெருக்கியது. பெட்டியின் தலைமாட்டில் மனைவி நின்றாள்.

"கொம்மாவிட்டைச் சொல்லு," என்றேன் அவளிடம்.

அழுத முகத்தோடு நிமிர்ந்தாள். "என்னெண்டு?"

"தேத்தண்ணி குடிச்சிட்டன் எண்டு சொல்லு."

அவள் என்னை ஒருக்காப் பார்த்தாள். பிறகு குனிந்து, தாயின் காதோடு வாயை வைத்து, "அம்மா, உவர் தேத்தண்ணி குடிச்சிட்டாராம்" என்றாள்.